நடுவர் கையில் இருக்கும் வரைபடம்

சில ஆண்டுகளுக்கு முன் கோவையில் ஒரு மேலாண்மைப் பயிற்சி வகுப்பில் ‘பீர் கேம்’ ஆட உட்கார வைத்தார்கள். நீள மேசை, நான்கு நாற்காலிகள். ஒரு முனையில் சில்லறைக் கடைக்காரர், அடுத்து மொத்த வியாபாரி, பிறகு விநியோகஸ்தர், மறுமுனையில் தொழிற்சாலை. நான் மொத்த வியாபாரி. யாரும் யாரோடும் பேசக் கூடாது. வாரம் ஒரு துண்டுச் சீட்டில் எத்தனை பெட்டி வேண்டும் என்று எழுதிக் கவிழ்த்துப் பக்கத்தில் தள்ள வேண்டும். கேட்ட சரக்கு கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். சரக்கு தேங்கினால் பெட்டிக்கு அரை டாலர் செலவு. கொடுக்க முடியாமல் பாக்கி நின்றால் ஒரு டாலர்.

ஏழெட்டு வாரத்திலேயே என் கையிருப்பு காலி. பாக்கி ஏற ஏற, சீட்டில் நான் எழுதிய எண்ணும் ஏறியது. பதினைந்தாம் வாரத்தில், கேட்டதெல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவிந்தது. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த கடைக்காரர்மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. மனுஷன் ஒரு வாரம் அள்ளிக் கேட்கிறார், மறு வாரம் எதுவுமே வேண்டாம் என்கிறார். ஆட்டம் முடிந்ததும், வாடிக்கையாளர் வாராவாரம் எத்தனை பெட்டி வாங்கியிருப்பார் என்று வரையச் சொன்னார்கள். நான் மலையும் பள்ளமுமாக வரைந்தேன். உண்மைக் கணக்கு இதுதான்: முதல் நான்கு வாரம் நான்கு பெட்டி, ஐந்தாம் வாரம் முதல் எட்டு, கடைசிவரை அதே எட்டு. மலையை உண்டாக்கியது நாங்கள் நால்வரும்தான்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் குழுவினர் உருவாக்கிய ஆட்டம் இது. ஜான் ஸ்டெர்மன் 1989இல் வெளியிட்ட ஆய்வில், ஆடியவர்களுக்கு ஆன சராசரிச் செலவு, ஆக வேண்டிய குறைந்தபட்சச் செலவைப்போலப் பத்து மடங்கு. அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். ஒருவருக்குத் தெரிந்தது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாத ஓர் அமைப்பில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவே.

தலைமைப் பயிற்சிக்கான ஆட்டங்களையும் கிளைவிடும் கதைகளையும் கொஞ்ச காலமாகத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். நிலைத்து நின்றவை எல்லாவற்றிலும் இந்த ஒரு குணம் இருக்கிறது. அவை தகவலைத் துண்டு துண்டாக்கி வெவ்வேறு கைகளில் கொடுக்கின்றன. தலைவராக உட்காருபவருக்கு முழுப் படம் ஒருபோதும் கிடைப்பதில்லை.

இதற்கு மூத்த உதாரணம் பிரஷ்ய ராணுவத்தின் ‘கிரீக்ஸ்ஷ்பீல்’, அதாவது போர் ஆட்டம். ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1812இல் மன்னர் மூன்றாம் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்முக்கு ஒரு மேசை ஆட்டத்தைச் செய்து கொடுத்தார். பீரங்கிப் படையில் இருந்த அவருடைய மகன் அதை வளர்த்தெடுத்து 1824இல் விதிநூலாக அச்சிட்டார். சதுரங்கத்தில் இருவருக்கும் பலகை முழுதும் தெரியும். இங்கே அது இல்லை. 1:8000 அளவில் வரைந்த நில வரைபடம். சிவப்புக்கும் நீலத்துக்கும் தனித்தனிக் கட்டைகள். ஒரு சுற்று என்பது களத்தில் இரண்டு நிமிடம். இரு தரப்பும் தங்கள் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். எதிரிப் படை உண்மையில் கண்ணில் படும் தூரத்துக்கு வந்தால்தான் நடுவர் அந்தக் கட்டையை வரைபடத்தில் வைப்பார். உயிரிழப்பைப் பகடை முடிவு செய்யும். என்னை மிகவும் ஈர்த்தது வேறொன்று: தளபதி எழுதிய கட்டளை படைப்பிரிவை உடனே எட்டிவிடாது. குதிரை வீரன் அந்தத் தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நடுவர் சீட்டைக் கையிலேயே வைத்திருப்பார். சீட்டு போய்ச் சேரும்போது களம் மாறியிருக்கும். ராணுவத் தலைமையகத்தின் தலைவர் ம்யூஃப்லிங் இதைப் பார்த்துவிட்டு, இது விளையாட்டல்ல, போருக்கான பள்ளி என்ற முடிவுக்கு வந்தார். படைப்பிரிவுகளுக்குப் பரிந்துரைக்கவும் செய்தார். ஆனால் அதை ஆக்கிய இளைஞர் 1827இல் தற்கொலை செய்துகொண்டார். இவ்வளவு பெரிய ஒரு துறைக்கு விதை போட்டவரின் பெயர், அந்தத் துறையில் இருக்கிற பலருக்கே தெரியவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

பிறகு விதிகள் பெருகின, அட்டவணைகள் பெருகின. ஆட்டம் கணக்குப் பாடமாகிவிட்டது. 1876இல் வெர்டி து வெர்ன்வா என்ற தளபதி பகடையையும் அட்டவணையையும் ஒதுக்கி வைத்து, போரைப் பார்த்த ஒருவரின் அனுபவமே தீர்ப்புச் சொல்லட்டும் என்றார். விதி பெரிதா, நடுவர் பெரிதா என்ற அந்த வழக்கு இன்றைய கணினி ஆட்டங்கள்வரை தீரவில்லை. நான் நடுவர் பக்கம்.

தனியாளாகப் படிக்கும் கதையிலும் இந்தப் பயிற்சி முடியும் என்று காட்டியவர் ஆங்கிலேய அதிகாரி எர்னஸ்ட் ஸ்விண்டன். போயர் போரிலிருந்து திரும்பியவர், 1904இல் ‘தி டிஃபென்ஸ் ஆஃப் டஃபர்ஸ் டிரிஃப்ட்’ என்ற சிறு நூலைப் புனைபெயரில் எழுதினார். ஓர் இளம் லெஃப்டினன்ட், ஐம்பது வீரர்கள், காக்க வேண்டிய ஓர் ஆற்றுத் துறை. அவனுக்கு ஆறு கனவுகள். தோற்றவுடன் வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும். மறுபடி அதே ஆறு, அதே ஐம்பது பேர், முதலிலிருந்து தொடங்க வேண்டும். முகாமுக்கு வந்து போகிற உள்ளூர்க்காரர் எதிரிக்குத் தகவல் சொல்வது, கூடாரங்கள் தொலைவிலிருந்தே தெரிவது, பதுங்குகுழியைத் தவறான இடத்தில் தோண்டுவது என்று ஒவ்வொரு கனவும் ஒரு பிழையால் முடியும். ஆறாவதில்தான் நிலைத்து நிற்கிறான். படிப்பவர் அவனோடு ஐந்து முறை தோற்றிருப்பார். ஒரு சொட்டு ரத்தமும் சிந்தாமல்.

ரத்தம் சிந்திய பிறகு கற்றுக்கொண்டது விமானத் துறை. 1978 டிசம்பர் 28. போர்ட்லண்டை நெருங்கிய யுனைடெட் 173 விமானத்தில், சக்கரம் சரியாக இறங்கிப் பூட்டிக்கொண்டதா என்று சந்தேகம். கேப்டன் அதிலேயே மூழ்கி ஏறக்குறைய ஒரு மணி நேரம் வானில் சுற்றினார். எரிபொருள் கரைவது ஃப்ளைட் எஞ்சினியருக்குத் தெரியும்; சொல்லவும் சொன்னார். கேப்டன் மனத்தில் உறைக்கும்படி சொல்லவில்லை. எஞ்சின்கள் அணைந்து, விமானம் புறநகர் வீடுகளுக்கிடையே விழுந்து 10 பேர் இறந்தனர். மறு ஆண்டே நாசா இத்தகைய விபத்துகளைப் பற்றி ஒரு பயிலரங்கு கூட்டியது. 1981இல் யுனைடெட் நிறுவனம் விமானிக் குழுவினர் முழுமைக்குமான பயிற்சியைத் தொடங்கியது. சிமுலேட்டருக்குள் ஒரு முழுப் பயணத்தை, புறப்பாடு முதல் தரையிறக்கம்வரை, பயிற்றுநர் குறுக்கிடாமல் நடக்க விடுவார். கோளாறுகளை மட்டும் உள்ளே அனுப்புவார். முடிந்ததும் ஒளிப்பதிவைப் போட்டு, “அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது? ஏன் சொல்லவில்லை?” என்று கேட்பார். 1989 ஜூலையில் ஹைட்ராலிக் அமைப்பு முழுவதும் செயலிழந்த யுனைடெட் 232, சியூ சிட்டியில் மோதி இறங்கியது. 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். பயணியாக வந்திருந்த ஒரு விமானிப் பயிற்றுநரையும் காக்பிட்டுக்குள் அழைத்துக்கொண்ட கேப்டன் ஆல் ஹேன்ஸ், இந்தப் பயிற்சியைத்தான் காரணமாகச் சொன்னார்.

வணிக உலகம் ராணுவத்தின் பின்னால் வந்தது. அமெரிக்க மேலாண்மைச் சங்கம் 1950களில் கடற்படைக் கல்லூரியின் போர் ஆட்டத்தைப் பார்த்து, கணினி வைத்த முதல் நிர்வாக ஆட்டத்தைச் செய்தது. ஹார்வர்டின் எவரெஸ்ட் ஆட்டம் இன்று பரவலாகத் தெரிந்தது: ஐந்து பேர் ஏறுகிறார்கள், மருத்துவருக்குத் தெரிந்தது தலைவருக்குத் தெரியாது, ஒவ்வொருவருக்கும் தனி இலக்கு. ஜெர்மன் உளவியலாளர் டீட்ரிக் டோர்னரின் சோதனை இவற்றைவிட ஆழமானது. லோஹௌசன் என்ற கற்பனை ஊருக்கு 48 பேரைத் தனித்தனியே மேயராக்கி, கணினியில் பத்தாண்டு ஆளவிட்டார். ஊரை நன்றாக நடத்தியவர்கள் ‘ஏன்’ என்று அதிகம் கேட்டார்கள். கெடுத்தவர்கள் ஒரு பிரச்சினையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்தார்கள்.

நம் பிள்ளைகள் இந்த மரபைச் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு: ராணுவ அதிகாரித் தேர்வுக்கான எஸ்.எஸ்.பி. இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் தேர்வு வாரியங்களின் வழிவந்தது. தலைவர் என்று யாரையும் நியமிக்காமல் ஒரு குழுவிடம் பலகையும் கயிறும் கொடுத்துத் தடையைத் தாண்டச் சொல்வார்கள். முப்பது நிமிடத்தில் அறுபது சூழ்நிலைகளுக்கு என்ன செய்வாய் என்று எழுதச் சொல்வார்கள். இந்த அறுபதுக்கும் தயார் விடைகளைக் கோச்சிங் மையங்கள் மனப்பாடம் செய்ய வைக்கின்றன. பையன் காட்டுத் தீயையும் ரயில் தண்டவாள விரிசலையும் ஒரே வாக்கியத்தில் அணைத்து, ஒட்டி, ஊர் திரும்பிவிடுகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அலுவலகங்களில் கட்டாயமாகப் பார்க்க வைக்கிற கணினிப் பாடங்களுக்கும் அதே நோய்தான். திரையில் கோபமான ஊழியர். கீழே மூன்று பதில்கள். சரியானதைத் தொட்டால் பச்சை. மூன்றில் எது பணிவாகத் தொனிக்கிறதோ அதுதான் விடை என்று இரண்டாம் காட்சியிலேயே பிடிபட்டுவிடும். கதை கிளைவிடுவதுபோல் தெரிந்தாலும் எல்லாக் கிளையும் ஒரே சான்றிதழில் போய் முடிகிறது. இதில் மறைந்திருக்கும் தகவல் இல்லை, தாமதம் இல்லை, பிறகு உட்கார்ந்து பேச எதிரே ஆளும் இல்லை.

சுனாமிக்குப் பிறகு நம் கரையோர மாவட்டங்களில் ஒத்திகைகள் நடக்கின்றன. ஹைதராபாத்தில் 2007இல் தொடங்கிய எச்சரிக்கை மையம், இந்தியப் பெருங்கடல் நாடுகள் சேர்ந்து நடத்தும் ‘ஐ.ஓ.வேவ்’ ஒத்திகையில் பங்குகொள்கிறது. களத்தில் இறங்குமுன் அதிகாரிகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையாகவே நடத்திப் பார்க்கும் வழக்கமும் இருக்கிறது. அந்த மேசையில் ரைஸ்விட்ஸின் நடுவர் ஒருவரையும் உட்கார வைக்கலாம். ஆட்சியர் எழுதிய வெளியேற்ற உத்தரவை வாங்கி, “செல்பேசிக் கோபுரம் சாய்ந்துவிட்டது, இது மீனவர் குப்பத்துக்குப் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆகும்” என்று சொல்லி, நடுவர் அந்தச் சீட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளட்டும். கடல் கரையை விட்டு உள்வாங்கியது, குப்பத்துத் தலைவராக உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் தெரியட்டும்.