நூலில் இல்லாத வேலி

அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லௌரி அம்மையார் இளைஞர்க்கென எழுதிய ‘தி கிவர்’ என்னும் புதினம் 1993ஆம் ஆண்டில் வெளிவந்து, மறு ஆண்டே நியூபெரி பதக்கத்தைப் பெற்றது. ‘வழங்குவோன்’ என அத்தலைப்பைத் தமிழாக்கலாம். பிலிப் நாய்ஸ் இயக்கத்தில் 2014இல் அது திரைப்படமாயிற்று. ஸ்ரீ கெம்பாங்கானில் பள்ளி விடுமுறைதோறும் என் இல்லத்தில் கூடும் மாணவர் சிலருடன் இந்நூலைப் படித்தேன். பின்னர்ப் படத்தையும் பார்த்தோம். “ஐயா, படத்தையே முதலில் காட்டியிருக்கலாம், எல்லாம் விளங்கியிருக்கும்” என்றாள் ஒரு மாணவி. அவள் கூற்றில் உண்மை உண்டு. எல்லாம் விளங்கிவிடுவதே அப்படத்தின் குறை என்பது என் கருத்து.

ஜோனாஸ் என்னும் 12 வயதுச் சிறுவனின் ஊரில் பசி இல்லை, போர் இல்லை. ஒவ்வொருவர்க்கும் உரிய தொழிலை மூத்தோர் அவை வகுத்துத் தரும். துணையையும் பிள்ளைகளையும் அவ்வவையே தரும். பழைய உலகின் நினைவுகள் அனைத்தையும் ஒரே ஒரு முதியவர் சுமக்கிறார். அவரிடமிருந்து அவற்றைப் பெறும் பணி ஜோனாஸுக்கு வாய்க்கிறது.

விளையாட்டில் எறிந்த ஆப்பிள் பழம் ஒரு கணம் மாறிற்று என்கிறார் ஆசிரியை. எவ்வாறு மாறிற்று என்று கூறவில்லை. பின்னர்த் தோழி பியோனாவின் கூந்தலும் அவ்வாறே மாறுகிறது. 23 அதிகாரங்களுள் 12ஆம் அதிகாரத்தில்தான், அவன் கண்டது சிவப்பு என்றும், அவ்வூரில் நிறமென்பதே இல்லை என்றும் அறிகிறோம். அதுகாறும் இல்லாத நிறங்களை நாமே பூசிக்கொண்டு படித்து வந்தோம்! இழந்ததை அவ்வூரார் அறியார். படித்த நாமும் அறிந்திலோம். கறுப்பு, சிவப்பு என்னும் சொற்கள் வெகுளியையும் உணர்த்தும் என்று தொல்காப்பியர் உரியியலில் கூறுவதை நம் ஆசிரியர்கள் அறிவர். நிறம் போனால் அதனோடு உணர்ச்சியும் போகும் என்பதை விளக்க எனக்கு அந்நூற்பாவே துணை செய்தது.

படமோ தொடக்கத்திலேயே கறுப்பு வெள்ளையில் விரிகிறது. பின்னர் நிறம் சிறிது சிறிதாக ஊறி வருவது கண்ணுக்கு இனியது, ஐயமில்லை. ஆயினும் ஊரார் அறியாத குறையைப் பார்ப்பவர் முதற்காட்சியிலேயே அறிந்துவிடுகின்றனர். திரைக்கு வேறு வழி ஏது என்று கேட்கலாம். நிறத்தின் வகையில் அதுவும் நியாயமே.

வேலியின் வகையில் அந்த நியாயம் செல்லாது. படத்தில் ஊர் மேகத்தின் மேல் உயர்ந்த மேட்டுநிலத்தில் நிற்கிறது. விளிம்புக்கு அப்பால் பாதாளம். மெரில் ஸ்ட்ரீப் நடிக்கும் தலைமை மூதாட்டி கடுமையே வடிவானவர். நூலில் அவர் மேடையில் நயமாகப் பேசும் சிறு பாத்திரம். ஊரின் எல்லையில் ஓர் ஆறும் பாலமும் உள்ளன. ஜோனாஸ் ஓர் இரவு சைக்கிளில் அப்பாலத்தைக் கடந்து போய்விடுகிறான்.

இன்றைய ஸ்ரீ கெம்பாங்கான், அவசரகாலத்தில் செர்டாங் புதுக்கிராமமாகத் தோன்றிய ஊர். 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின் வழி வந்த அத்தகைய கிராமங்களைச் சுற்றி முள்கம்பி இருந்தது, ஊரடங்கு இருந்தது, அரிசிக்கு அளவு இருந்தது. தோட்டத் தமிழர் பலரும் அவ்வாறே ஓரிடத்தில் சேர்க்கப்பட்டனர். கம்பியைக் கண்டவர் தாம் அடைபட்டிருப்பதை அறிந்திருந்தனர். லௌரி படைத்த ஊரார்க்கு அவ்வறிவும் இல்லை. அங்ஙனம் இருக்க, வேலியையும் கொடியவரையும் படம் கண்முன் நிறுத்துவானேன்? சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் ஆட்சிக்கு ஜீவா என்னும் ஒரு முகம் உண்டு, அதை வீழ்த்துவதே கதை. இது அவ்வகைக் கதை அன்று.

ஒரு காட்சியில் மட்டும் படம் நூலுக்கு நிகராக நிற்கிறது. இரட்டைக் குழந்தைகளுள் எடை குறைந்ததை ‘விடுவிக்கும்’ பணி ஜோனாஸின் தந்தையுடையது. அச்சொல்லின் பொருள் ஊசியிட்டுக் கொல்வது என்பதை அவன் பதிவுக்காட்சியில் காண்கிறான். தந்தையின் குரலில் கொடுமை சிறிதும் இல்லை. குழந்தையைக் கொஞ்சும் குரல்தான். அலெக்சாண்டர் ஸ்கார்ஸ்கார்ட் அக்குரலைச் சற்றும் மிகைப்படுத்தவில்லை. எங்கள் கூடத்தில் யாரும் அசையவில்லை.

சிறுவனைக் காளையாக்கியதும் காதலைப் பெருக்கியதும் வணிகத்தின் பொருட்டு, அவற்றை விட்டுவிடலாம். முடிவே பெரிய வேறுபாடு. நூலின் இறுதியில் ஜோனாஸ் கைக்குழந்தையுடன் பனிச்சரிவில் சறுக்கி இறங்குகிறான். கீழே விளக்குகள் தெரிகின்றன, இசை கேட்கிறது. அவை மெய்யோ, குளிரில் மயங்கிய நினைவோ, ஆசிரியை கூறவில்லை. மாணவருள் மூவர் அவன் இறந்தான் என்றனர். இருவர் பிழைத்தான் என்று பக்கம் காட்டி வாதிட்டனர். மறுநாளும் அவ்வழக்கு தொடர்ந்தது. படமோ வீட்டைக் கண்முன் காட்டி, ஊருக்கும் நிறத்தை மீட்டுக் கொடுக்கிறது. அதைப் பார்த்தபின் அவ்வழக்கை யாரும் எடுக்கவில்லை.