காத்திருத்தலா, எழுச்சியா? ரோசா லுக்சம்பர்க்கின் சிறுநூல் குறித்து

மார்க்சியர் தமக்குள் நடத்திய வாதங்களால் இறையியல் மாணவருக்கு என்ன பயன் என வினவுவோர் நம்மிடையே உளர். அவர்கள், மக்கள்திரள் வேலைநிறுத்தம் பற்றி ரோசா லுக்சம்பர்க் 1906இல் எழுதிய சிறுநூலை ஒருமுறையேனும் வாசிக்குமாறு வேண்டுகிறோம்.

1905 ஜனவரியில் கபோன் என்னும் குருவானவரின் தலைமையில், திருவுருவப் படங்களை ஏந்தி, ஜார் மன்னனிடம் விண்ணப்பம் அளிக்கச் சென்ற பீட்டர்ஸ்பர்க் தொழிலாளர் சுடப்பட்டனர். ரஷ்யப் பேரரசெங்கும் வேலைநிறுத்தங்கள் பரவின. இவற்றை எக்கட்சியும் ஆணையிட்டு நிகழ்த்தவில்லை என்பதே ஆசிரியையின் வாதம். புட்டிலோவ் ஆலையில் சிலர் வேலைநீக்கம் செய்யப்பட்டதினின்று எழுச்சி கிளைத்ததையும், 1896 முதலே அதற்கு நிலம் பண்பட்டு வந்ததையும் அவர் விவரிக்கும் பக்கங்களே நூலின் உயிர். கூலிப் போராட்டம் உரிமைப் போராட்டமாகிறது. அது தணிந்த இடத்தில் மீண்டும் கூலிப் போராட்டம் முளைக்கிறது. சங்கங்கள் பல அப்போராட்டத்தினூடேயே பிறந்தன. எல்லாவற்றிற்கும் முதலில் ஒரு குழு அமைத்துவிடும் நம் போன்றோருக்கு இது சற்றுச் சங்கடமான செய்தியே.

1910இல் வாதம் ஜெர்மனிக்குள் முற்றிற்று. செலுத்தும் வரிக்கேற்ப வாக்காளரை மூன்று வகுப்புகளாக்கிய பிரஷ்யத் தேர்தல் முறையை எதிர்த்து மக்கள் வீதிக்கு வந்தனர். வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேச இதுவே தருணம் என்றார் லுக்சம்பர்க். அவரது கட்டுரையை வெளியிட மறுத்த கார்ல் கவுட்ஸ்கி, ரஷ்யாவில் நடந்தது வலிமைமிக்க பிரஷ்ய அரசிடம் பலிக்காது, பகைவனைச் சிறிது சிறிதாகத் தளரச் செய்து, வரும் தேர்தலுக்குக் காத்திருப்பதே விவேகம் என்றார். 1912இல் கட்சி 110 இடங்களை வென்றது. கவுட்ஸ்கியின் கணக்குத் தவறவில்லை. ஆனால் 1914 ஆகஸ்டு 4இல் அக்கட்சியின் உறுப்பினரே போர்க்கடனுக்கு வாக்களித்தனர். சேமித்த பலம் எதற்காகச் சேமிக்கப்பட்டதோ அதற்குப் பயன்படவில்லை.

எனினும் லுக்சம்பர்க்கோடு முற்றிலும் உடன்பட நம்மால் இயலவில்லை. தலைவர் தயங்கினும் மக்கள் தயங்கார் என்னும் நம்பிக்கை அவர் நூலில் பெரிது. 1914இல் தலைவர் வழுவியபோது மக்கள்திரளும் எழவில்லை. பெருந்தொகையினர் போர்முனைக்கே சென்றனர். திரளும் மயங்கக்கூடும் என்பதற்கு நூலில் போதிய இடமில்லை. நம் நோக்கில் இதுவே அதன் பெருங்குறை. பிரஷ்யத் தேர்தல் முறையோ 1918 நவம்பரில், கீல் துறைமுக மாலுமிகளின் கலகத்தில் தொடங்கிய எழுச்சியால் ஒழிந்தது. அவ்வெழுச்சிக்கும் எவரும் நாள் குறிக்கவில்லை. போரின் தோல்வியே அதற்கு வழி திறந்தது.

1914இல் சாபென்வில் ஊரின் போதகராயிருந்த கார்ல் பார்த், தம் இறையியல் ஆசிரியர் பலர் போரை ஆதரித்ததையும், சமதர்மவாதிகள் தளர்ந்ததையும் ஒருங்கே கண்டு திகைத்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் அவர் சுவிட்சர்லாந்தின் சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார்.