ஆனந்தபைரவிக்கு என்ன அவசரம்?

மோர் விற்க வடமதுரைக்குப் போகிறாள் ஒருத்தி. வழியில் கண்ணன் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்கிறான். விடு, இது பெரிய வீதி, தோழிமார் வந்துவிடுவார்கள், மாமியார் பார்த்தால் தொலைந்தேன், பொழுது சாயக் கட்டாயம் வருகிறேன் என்கிறாள். ‘மதுரா நகரிலோ’ என்று தொடங்கும் தெலுங்குப் பாட்டில் நடப்பது இவ்வளவுதான். ராகம் ஆனந்தபைரவி, தாளம் ஆதி. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் பெயரோடு ஒட்டியே வழங்கிவரும் பாட்டு. கச்சேரியிலிருந்து நாட்டிய மேடைக்குப் போய், அங்கிருந்து பாட்டு வகுப்புப் பிள்ளைகளின் வாய்க்கும் வந்துவிட்டது.

இதை இளங்காதல் பாட்டு என்பார்கள். எனக்கோ நேரத்தைப் பற்றிய பாட்டாகவே படுகிறது. மாட்டேன் என்று அவள் ஓரிடத்திலும் சொல்வதில்லை. இப்போது வேண்டாம், இங்கே வேண்டாம், சாயங்காலம் என்கிறாள். காதலுக்கு நாழிகை குறிப்பவள் அவள்தான். கண்ணனுக்கு இந்தப் பாட்டில் ஒரு வரிகூடக் கிடையாது. அவன் பிடியை விட்டானா, அவள் சாயங்காலம் வந்தாளா, இரண்டும் நமக்குத் தெரிவதில்லை. தெரியாமல் வைத்ததுதான் பாட்டின் சாமர்த்தியம்.

ராகத்தையும் சும்மா எடுத்து ஒட்டவில்லை. ஆனந்தபைரவியின் ஆரோகணம் நேராக ஏறாது. ஸ-வில் இருந்து க-வுக்குத் தாவி, ரி-க்குத் திரும்பி வந்து, மறுபடி க, ம, ப என்று போகும். த-வைத் தொட்டுவிட்டு ப-வுக்கு இறங்கி, அப்புறம்தான் மேல் ஸ. இரண்டடி முன்னே, ஓரடி பின்னே. அவரோகணத்தில் இந்தத் தயக்கமே இல்லை, மளமளவென்று இறங்கிவிடும். தலைப்பைப் பிடித்திருப்பவனிடம் நின்று பேசுகிற பெண்ணின் நடைக்கு இதைவிடப் பொருத்தமான ராகம் கிடைக்குமா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பாட்டோடு யார் பெயர் சேர்ந்திருக்கிறது என்பதும் வேடிக்கைதான். சுப்பிரமணிய பிள்ளை (1898–1975) காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் சீடர். நாயனா பிள்ளை கச்சேரி என்றால் ஃபுல் பெஞ்ச்: மிருதங்கம், கஞ்சிரா, கடம் என்று தாள வாத்தியங்கள் மேடை கொள்ளாமல் உட்கார்ந்திருக்கும். லயத்துக்குப் பெயர்போன பள்ளி அது. அங்கே பாடம் கேட்டு, 1954-இல் சங்கீத கலாநிதியாகி, மதுரை சோமுவுக்குக் குருவாகவும் விளங்கியவர், இப்படி ஒரு மோர்க்காரியின் கெஞ்சலுக்கு இடம் கொடுத்தார். கணக்கு தெரிந்தவருக்குத்தான் எங்கே கணக்கை விட வேண்டும் என்பதும் தெரியும்.

இனி வழக்கத்துக்கு வருகிறேன். கச்சேரியில் ராகம் தானம் பல்லவி முடிந்து, பாதிப் பேர் செருப்பைத் தேடத் தொடங்கும் நேரத்தில் வருவது துக்கடா. இந்த மாதிரிப் பாட்டுகள் அங்கேதான் வந்து உட்கார்ந்தன. துரிதமாக, கலகலப்பாக, மிருதங்கக்காரருக்கு ஒரு சிரிப்போடு. இதைக் குறை என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. பயந்த பெண் வேகமாகத்தான் பேசுவாள். மாமியார் எந்த மூலையிலிருந்து வருவாளோ என்கிற படபடப்பு துரித காலத்தில் நன்றாகவே விழுகிறது. சங்கீதம் தெரியாதவரையும் உட்கார வைத்து, வீட்டுக்குப் போகும்போது முணுமுணுக்க வைப்பதும் இந்த வேகம்தான்.

ஆனால் படபடப்பு பாட்டில் பாதிதான். சாயங்காலம் வருகிறேன் என்கிற இடத்தில் பயம் இல்லை. ஆசை இருக்கிறது, ஒரு வாக்குறுதி இருக்கிறது. அங்கே குரல் தணிய வேண்டும், தாளம் ஓடினாலும் சொல் நிற்க வேண்டும். இப்போது நான் கேட்கிற பல நிகழ்ச்சிகளில் அந்த அடியும் மற்ற அடிகளோடு சேர்ந்து ஓடிவிடுகிறது. ஓரடி பின்னே வைக்கிற ராகப் பிடிகள் வேகத்தில் தட்டையாகிவிடுகின்றன. மிஞ்சுவது குறும்புக் கண்ணன், சிணுங்கும் கோபி, ஒரு கைதட்டல்.

எந்த வேகத்தில் பாடுவது என்கிற இதே கேள்வி திருப்பதியில் இன்னும் பெரிதாக நிற்கிறது. அன்னமய்யா என்கிற தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியார் 1424-இல், தம் 16-ஆம் வயதில் தொடங்கி, 1503 வரை பாடியதாகச் செப்பேடு சொல்கிறது. முப்பத்திரண்டாயிரம் பாட்டு என்பது மரபு. கிடைத்தவை அதில் பாதிக்கும் குறைவு. அவற்றில் ஆன்மிகப் பாட்டைவிடச் சிருங்காரப் பாட்டுதான் மிக அதிகம். திருமலைக் கோயிலின் சங்கீர்த்தன பண்டாரத்தில் இருந்த அந்தச் செப்பேடுகள் ஒவ்வொரு பாட்டுக்கும் ராகப் பெயரைச் சொல்கின்றன. சுரம் சொல்லவில்லை. எந்த வேகத்தில் பாடுவது என்றும் சொல்லவில்லை. ஆக, அன்னமய்யாவின் காதலி எவ்வளவு நேரம் காத்திருந்தாள் என்பதை இருபதாம் நூற்றாண்டுதான் முடிவுசெய்தது.

முடிவுசெய்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்ல. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி, பிறகு நூற்றுக்கணக்கில் மெட்டமைத்த கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத். திருப்பதி தேவஸ்தானம் 1978-இல் அன்னமாச்சாரியா திட்டத்தைத் தொடங்கியது, எம்.எஸ். சுப்புலட்சுமியின் பாலாஜி பஞ்சரத்ன மாலா அன்னமய்யாவைத் தமிழ் வீடுகளுக்குள்ளும் கொண்டுவந்தது. இவர்கள் இல்லாவிட்டால் அந்தப் பாட்டெல்லாம் செம்பாகவே கிடந்திருக்கும். அந்த நன்றியோடுதான் இதையும் சொல்கிறேன்: மேடைக்கும் இசைத்தட்டுக்கும் முதலில் வந்தவை பெரும்பாலும் பக்திப் பாட்டுகள், பஜனைக்குத் தோதான நடையில். 2008 மே 10 அன்று செகந்திராபாத் அணிவகுப்புத் திடலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து அன்னமய்யாவின் பாட்டுகளைப் பாடினார்கள். லட்சம் வாய்க்கு ஒரே வேகம்தான் சாத்தியம். பக்திக்கு அது போதும். தயங்கித் தயங்கிப் பேசும் ஒருத்திக்கு அந்தத் திடலில் இடமில்லை.

அன்னமய்யாவின் ‘பலுகு தேனெல தல்லி’ என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அலமேலுமங்கை விடிந்தும் எழாமல் படுத்திருக்கிறாள், கூந்தல் முகத்தில் கலைந்து கிடக்கிறது. இரவெல்லாம் அவள் ஏன் தூங்கவில்லை என்பதுதான் பாட்டு. பலர் இதைத் தாலாட்டுப் போலப் பாடுகிறார்கள். மெதுவாகத்தான், அழகாகத்தான். ஆக, வேகத்தைக் குறைத்தால் பொருள் தானாக வந்துவிடும் என்று நம்பவும் வழியில்லை. 1997-இல் வந்த ‘அன்னமய்யா’ படத்தை இந்த விஷயத்தில் நான் அவ்வளவாகக் குறைசொல்ல மாட்டேன். கீரவாணியின் இசையில் அந்தப் படம், இந்தக் கவிக்குக் காதலும் உண்டு என்பதையாவது மறைக்கவில்லை.

நிதானம் என்கிற மறு எல்லையும் இதே சித்தூர்ச் சீமையில்தான் இருக்கிறது. கார்வேட்டிநகரம் அரண்மனையில் இருந்த சாரங்கபாணி, ஊர் வேணுகோபாலன் பெயரை முத்திரையாக வைத்துப் பதங்கள் எழுதினார். வீட்டுத் தெலுங்கு, சண்டைத் தெலுங்கு, வாசலில் நின்று பேசுகிற தெலுங்கு. பதங்களைத் தமிழ்நாட்டில் காப்பாற்றிய வீணை தனம்மாள் குடும்பத்தார், பிருந்தாவும் முக்தாவும், அவற்றை மிக விளம்பமாகப் பாடினார்கள். காத்திருப்பு என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால் அதைக் கேட்க வேண்டும். ஆனால் அந்த விளம்பத்துக்கும் விலை உண்டு. ஒரு சொல் ஆவர்த்தனம் முழுக்க நீளும்போது, தெலுங்கு அறியாத காதுக்கு உயிரெழுத்து மட்டுமே மிஞ்சுகிறது. தெருப்பேச்சாக எழுதியவரின் துடுக்கு, பட்டுப்பாய் விரித்து உட்கார வைத்த மாதிரி ஆகிவிடுகிறது. கேட்கிறவர்களும் குறைந்துபோனார்கள்.

ஆகவேதான் ‘மதுரா நகரிலோ’வை நடுவில் வைத்துப் பார்க்கிறேன். மத்திம காலத்தில் பாடினால் மோர்க்காரியின் நடையும் கிடைக்கும், சாயங்காலத்துக்கு ஒரு மூச்சும் கிடைக்கும்.

பாட்டிலேயே ஒரு குறை இருக்கிறது. அதை வேகத்தின் தலையில் கட்ட முடியாது. விடு, விடு என்று அவள் எத்தனை தடவை சொல்கிறாள்! அத்தனையையும் சிணுங்கல் என்று எடுத்துக்கொள்ளத்தான் மரபு ரசிகனைப் பழக்கியிருக்கிறது. இன்றைய கல்லூரிப் பெண் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. நாழிகை குறிக்கும் உரிமையை அவளுக்குக் கொடுத்த பாட்டு, சேலைத் தலைப்பை அவன் கையிலேயே விட்டு வைத்திருக்கிறது. துரிதமாகப் பாடும்போது அவள் சொல்வது சிரிப்பில் கரைந்து இந்தக் குறை மறைகிறது. நிதானமாகப் பாடினால் வெளியே தெரிகிறது. தெரியட்டுமே.

சித்தூரில் ஒருமுறை ஒரு மாணவி இதற்கு ஆடினாள். பாடியவர் கொஞ்சம் மெதுவாகவே எடுத்தார். தனியாக ஆடுகிற பெண் கண்ணனாகவும் ஆக வேண்டும், மோர்க்காரியாகவும் ஆக வேண்டும். தலைப்பைப் பிடித்த கை கண்ணனுடையது, இழுத்த கை அவளுடையது. சாயங்காலம் என்ற அடி வந்தபோது அவள் இரண்டு கையையும் இறக்கிவிட்டு, தெருவின் இரு பக்கமும் ஒருமுறை பார்த்தாள். மிருதங்கக்காரர் அந்த இடத்தில் வாசிக்கவில்லை.