கோப்பையும் எழுதுகோலும்

படைப்பாற்றல் எங்கிருந்து பிறக்கிறது என்னும் வினா மிகப் பழமையானது. அருளால் வருவது என்பர் ஒரு சாரார். பயிற்சியால் வருவது என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது கூற்று ஒன்றும் நெடுங்காலமாக உலவி வருகிறது. உள்ளம் கட்டவிழ்ந்தால்தான் கவிதை பிறக்கும், அவ்வாறு கட்டவிழ்ப்பதற்கு ஒரு கோப்பை வேண்டும் என்பது அக்கூற்று. அக்கோப்பையில் இருப்பது காப்பியாயினும் கள்ளாயினும் பிறிதொரு போதைப் பொருளாயினும் கொள்கை ஒன்றே.

வகுப்பறையில் இக்கூற்று இருவகைத் தீங்கினை விளைவிக்கிறது. கவிஞனாக விழையும் இளைஞன், கவிஞனின் உழைப்பைப் பின்பற்றாமல் அவனுடைய பழக்கத்தைப் பின்பற்றத் தலைப்படுகிறான். ஒழுக்கத்தைப் போற்றும் ஆசிரியரோ, குடித்தவன் எழுதிய பாட்டு என்று நல்ல பாட்டையும் பாடவேளையிலிருந்து விலக்கிவிடுகிறார். இருவருடைய பிழைக்கும் வேர் ஒன்றே. பாட்டை எழுதியது கோப்பை என்று இருவருமே நம்புகின்றனர். அந்நம்பிக்கை எந்த அளவிற்கு உண்மை என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தமிழ் காட்டும் சான்று

சங்க இலக்கியத்தில் கள்ளுக்குப் பஞ்சமில்லை. ஆற்றுப்படை நூல்களில் புரவலர்கள் பாணர்க்குத் தேறல் வழங்குகின்றனர். போர் வென்ற மறவர் உண்டாடி மகிழ்கின்றனர். ஆதலின் அக்காலப் புலவர்கள் மதுவின் துணையால் பாடினர் என்று கூறுவோரும் உளர். அவர்கள் பெரும்பாலும் காட்டும் சான்று, அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றி ஒளவையார் பாடிய புறநானூற்று 235-ஆம் பாடல்.

அப்பாடலை முழுமையாகப் படிப்பவர்க்கு வேறோர் உண்மை புலனாகும். கள் சிறிதளவே கிடைத்தால் அதனைப் பாடுவோர்க்கே ஈந்துவிடும் தலைவன், மிகுதியாகக் கிடைத்தால் அவர்களைப் பாடச் செய்து, எஞ்சியதைத் தானும் அருந்தி மகிழ்வான் என்று பாடல் தொடங்குகிறது. ஆயினும் அது விருந்தில் எழுந்த பாடலன்று. அத்தலைவன் இறந்தபின் எழுந்த கையறுநிலைப் பாடல். அவன் மார்பில் தைத்த வேல், பாணர் ஏந்திய கலத்தையும் இரப்போர் கையையும் துளைத்துச் சென்று புலவர் நாவிலும் வீழ்ந்தது என்று அது விரிகிறது. பாடும்பொழுது கள்ளும் இல்லை. கள் கொடுத்த கையும் இல்லை. அப்பாடலை எழுப்பியது போதையன்று, இழப்பு. கள் அங்கே பொருளாக நிற்கிறதேயன்றிக் கருவியாக நிற்கவில்லை. கவிதையின் பொருளையும் அதனை ஆக்கிய கருவியையும் ஒன்றாகக் கருதிக் குழம்புவதே இத்துறையில் நிகழும் முதற்பிழை.

திருவள்ளுவரின் நிலை இன்னும் தெளிவானது. 93-ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமையில் மதுவைக் கடிந்த அவரே, காமத்துப்பாலில் அதனை உவமையாகவும் எடுத்தாள்கிறார். உண்டார்க்கு மட்டுமே களிப்பைத் தருவது கள், கண்டாலே களிப்பைத் தருவது காதல் என்று இரண்டையும் ஒப்பிட்டு வேறுபாடு காட்டுகிறார். கள்ளின் இயல்பை நுணுகி அறிந்தவரின் உவமை அது. எனினும் அதனை அறிவதற்கு அதில் மூழ்க வேண்டும் என்று அவர் எங்கும் கூறவில்லை. மாறாக, கள்ளுண்ணாமையின் இறுதிக் குறளில், தான் உண்ணாதிருக்கும் வேளையில் பிறன் களித்திருப்பதைக் காண்பவன், தன் சோர்வையும் எண்ணிப் பாரானோ என்று வினவுகிறார். அறநூலுக்கு மட்டுமன்றி இலக்கியக் கொள்கைக்கும் இக்குறள் பொருந்தும். களிப்பை அடைபவன் வேறு. களிப்பைக் காண்பவன் வேறு. எழுத்தாளன் காண்பவனாக இருந்தாக வேண்டும்.

மேனாட்டுக் கதைகள்

ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1797-இல் இயற்றியதாகக் கூறிய ‘குப்ளா கான்’ இவ்வாராய்ச்சியில் தவறாமல் எடுத்துக்காட்டப்படும். வலி தணிக்கும் மருந்தை உண்டு உறங்கியபொழுது கவிதை முழுவதும் கனவில் தோன்றியது என்றும், விழித்து எழுதத் தொடங்கியதும் ஒருவர் வந்து கதவைத் தட்டியதால் எஞ்சிய பகுதி மறந்துபோயிற்று என்றும் 1816-இல் அதனை வெளியிட்டபொழுது அவர் முன்னுரையில் எழுதினார். அம்மருந்து அபினி என்பது அவர் கைப்படியின் குறிப்பினால் தெரிகிறது. கேட்பதற்கு இனிய கதைதான். ஆயினும் 1927-இல் லோவ்ஸ் என்னும் அறிஞர், அக்கவிதையின் காட்சிகளும் சொற்களும் கோல்ரிட்ஜ் ஆழ்ந்து படித்த பயண நூல்களிலிருந்து வந்தவை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். 1934-இல் வெளிச்சத்திற்கு வந்த அக்கைப்படி, அச்சில் வந்த வடிவத்திலிருந்து சில இடங்களில் வேறுபடுகிறது. எனவே கவிஞர் அதனைத் திருத்தியிருக்கிறார் என்பது உறுதி. அபினி கனவைத் தந்திருக்கலாம். கனவில் வரவேண்டிய பொருளைத் தந்தது படிப்பே. அதற்கு இறுதி வடிவம் தந்தது விழிப்பு நிலையில் செய்த திருத்தமே.

பிரெஞ்சுப் புதின ஆசிரியர் பால்சாக் காப்பியின் துணைகொண்டு இரவெல்லாம் எழுதியவர். காப்பி, மது, புகையிலை முதலியவற்றைப் பற்றி 1839-இல் ஒரு கட்டுரையும் எழுதினார். எனினும் அவர் குடித்த காப்பியைப் பேசுவோர், அச்சுப்படிகளை அவர் மீண்டும் மீண்டும் திருத்தி அச்சகத்தாரை அலைக்கழித்ததைப் பேசுவதில்லை. 1850-இல் அவர் இறந்தபொழுது அகவை ஐம்பத்தொன்றே.

அறிவியல் கூறுவது

அண்மைக்கால உளவியல் சோதனைகள் இப்பொருளில் ஓரளவு ஒளி தருகின்றன. ஆக்கச் சிந்தனையை அவை இருவகையாகப் பிரிக்கும். ஒரு புதிருக்குரிய ஒரே விடையைக் குறுகிச் சென்று கண்டடைவது ஒருவகை. ஒரு பொருளிலிருந்து பல எண்ணங்களை விரித்துச் செல்வது மற்றொரு வகை.

2020-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், வலிய காப்பி ஒரு கோப்பையில் இருக்கக்கூடிய 200 மில்லிகிராம் காஃபீன் கொடுத்துச் சோதித்தபொழுது, விடை காணும் திறன் கூடியது. எண்ணங்களை விரிக்கும் திறன் கூடவுமில்லை, குறையவுமில்லை. இதற்குக் காரணம் உண்டு. உடல் உழைக்க உழைக்க மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து, களைப்பை உணர்த்துகிறது. காஃபீன் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு அவ்வுணர்வை மறைக்கிறது. ஆகவே காப்பி விழிப்பைத் தரும். இல்லாத கருத்தைத் தராது.

2012-இல் சிக்காகோவில் நடந்த மற்றோர் ஆய்வில், இரத்தத்தில் மது ஏறத்தாழ 0.075 விழுக்காடு கலந்த நிலையில் இருந்தோர், சொற்புதிர்களை மற்றவர்களைவிட மிகுதியாகவும் விரைவாகவும் விடுவித்தனர். மதுவின் புகழ்பாடுவோர் இதனை விரும்பி எடுத்துக்காட்டுவர். ஆனால் மூன்று சொற்களுக்குப் பொதுவான நான்காம் சொல் ஒன்றைக் கண்டுபிடிப்பது காப்பியம் பாடுவது ஆகாது. சோதனைக் கூடத்தில் ஒருமுறை அளந்து கொடுத்த மதுவிற்கும், நாள்தோறும் அளவின்றிக் குடிப்பதற்கும் மலைக்கும் மடுவிற்குமான வேறுபாடு உண்டு. கஞ்சாவைப் பற்றி 2015-இல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வோ, குறைந்த அளவு எவ்வித நன்மையும் தரவில்லை என்றும், மிகுந்த அளவு எண்ணங்களை விரிக்கும் திறனையே குலைத்தது என்றும் காட்டிற்று. போதையில் தோன்றிய எண்ணம் பெரிதாகத் தோன்றுவது, அதனை எடைபோடும் அறிவு அப்பொழுது தளர்ந்திருப்பதனாலும் ஆகலாம்.

இரு தமிழ்க் கவிஞர்

தமிழகத்தில் இப்பொருளைப் பேசுவோர் பாரதியாரையும் கண்ணதாசனையும் விட்டுவிட இயலாது.

பாரதியாருக்குப் போதைப் பழக்கம் இருந்தமையை அவரோடு நெருங்கிப் பழகியவர்கள் பதிவு செய்துள்ளனர். அதனை மறைப்பது திறனாய்வு ஆகாது. ஆயின் அதனைக் காரணமாகக் காட்டுவதும் திறனாய்வு ஆகாது. 1908 முதல் 1918 வரை அவர் புதுச்சேரியில் வாழ்ந்த பத்தாண்டுகளில் வறுமை இருந்தது, ஒற்றர்களின் கண்காணிப்பு இருந்தது, அரவிந்தர், வ.வே.சு. ஐயர் போன்றோரின் நட்பு இருந்தது. வேதமும் ஆழ்வார் பாடல்களும் ஆங்கிலக் கவிதைகளும் கூடிய இடைவிடாத கல்வி இருந்தது. பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் இவ்வளவிலிருந்தும் எழுந்தவை. போதை உண்டோர் அக்காலத்தில் எத்தனையோ பேர் இருந்தனர். அவர்களுள் பாஞ்சாலி சபதம் பாடியவர் ஒருவரே. எல்லார்க்கும் பொதுவான ஒன்று, ஒருவரின் தனிச்சிறப்பிற்குக் காரணமாக முடியாது. ஆனால் அப்பழக்கம் நலிந்த உடலுக்கு நன்மை செய்திராது என்பதில் ஐயமில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தபொழுது நாற்பது அகவையும் நிரம்பவில்லை.

கண்ணதாசன் தம் பழக்கத்தை ஒளித்தவரல்லர். 1963-இல் வெளிவந்த ‘இரத்தத் திலகம்’ படத்தில் மதுவைப் போற்றும் தம் பாடலுக்குத் தாமே திரையில் தோன்றினார். தோட்டப்புறத் திடல்களில் வெண்திரை கட்டிப் படம் காட்டிய நாள்களிலிருந்து அவர் பாடல்களைக் கேட்டு வளர்ந்த மலேசியத் தமிழர்களுள் பலர், அவர் திறமை முழுவதும் அக்கோப்பையிலிருந்தே வந்தது என்று நம்பிவிட்டனர். உண்மை வேறு. எட்டாம் வகுப்போடு பள்ளிக் கல்வியை நிறுத்திய அவர், கம்பரையும் சித்தர் பாடல்களையும் தாமே கற்று நெஞ்சில் நிறுத்தியவர். இசையமைப்பாளர் மெட்டைச் சொன்னதும் சொற்கள் வரிசையாக வந்து நின்றமைக்கு அக்கல்வியே காரணம். மதுவைப் போற்றிப் பாடிய அவரே, எப்படி வாழக்கூடாதோ அப்படி வாழ்ந்துவிட்டமையால் பிறர்க்கு அறிவுரை கூறும் தகுதி தமக்கு உண்டு என்ற பொருள்பட எழுதவும் செய்தார். பாட்டில் வரும் குரலை மட்டும் கேட்டு, வாழ்க்கைக் குறிப்பில் வரும் குரலைக் கேளாது விடுவது அவருக்கே செய்யும் அநீதி. 1981 அக்டோபர் 17-இல் சிக்காகோ நகரில் அவர் காலமானபொழுது அகவை ஐம்பத்து நான்கு. அதற்கு முந்தைய ஆண்டில்தான் ‘சேரமான் காதலி’க்காகச் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றிருந்தார். அவர் எழுதாமல் விட்டவை எத்தனை என்று எவரால் கணக்கிட முடியும்?

தோட்டம் தந்த பாடம்

இவ்வளவையும் நூல்களின்றியே அறிந்தவர்கள் பேராக் மாநிலத்துத் தோட்டப்புற மக்கள். பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் இடையே அமைந்த சுங்காய் போன்ற சிற்றூர்களைச் சுற்றியிருந்த இரப்பர்த் தோட்டங்களில், லயங்களுக்கு எட்டும் தொலைவிலேயே கள்ளுக்கடை இருந்தது. தொழிலாளியின் கூலி மாலையில் அங்கே கரைந்தது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்றாகவே இடம்பெற்றது. போருக்குப்பின் கெடாவில் எழுந்த தொண்டர் படையும் கள்ளுக்கடைகளை எதிர்த்தே வலுப்பெற்றது.

கள் கவிதையைப் பிறப்பிக்கும் என்பது உண்மையாயின், இரப்பர்த் தோட்டங்களில் கவிஞர்கள் காளான்போல் முளைத்திருக்க வேண்டும். நிகழ்ந்தது அதுவன்று. தோட்டப்புறத்தில் பாட்டு இருந்தது. ஆயின் அதனைப் பெரிதும் காத்தவர்கள், இருள் பிரியுமுன் எழுந்து, கடுங்காப்பியைக் குடித்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடிய பெண்கள். தொட்டிலை ஆட்டியபொழுதும் பால்மரம் வெட்டியபொழுதும் அவர்கள் பாடினர். கங்காணியின் கொடுமையும் குடிகாரக் கணவனால் பட்ட துயரும் அவர்களுக்குப் பாடுபொருளாயின. கள்ளைக் குடித்தவன் உறங்கினான். அதன் விளைவைக் கண்டவள் பாடினாள். மேலே கூறிய குறளின் உண்மை இங்கே வாழ்க்கையாகவே நின்றது.

எழுத்திலக்கியமும் அவ்வாறே வளர்ந்தது. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ நாளிதழில், 1950-களின் தொடக்கத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினர். பின்னர் அவ்விதழுக்கு ஆசிரியராக வந்த கு. அழகிரிசாமி, எழுத்தாளர்களைக் கூட்டிக் கதைகளை அலசி ஆராயச் செய்தார். மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகள் பலர் அப்பட்டறைகளில் உருவானவர்களே. அங்கே வழங்கப்பட்டது மதுவன்று. மறுப்பும் திருத்தமும் ஊக்கமும்.

முடிவு

காப்பி களைப்பைச் சற்று நீக்கலாம். மது அச்சத்தைச் சற்று நீக்கலாம். இரண்டும் நீக்கக் கூடியவையேயன்றி ஆக்கக் கூடியவை அல்ல. ஆக்குவதற்கு மொழிப் பயிற்சியும் வாழ்க்கை நோக்கும் எழுதியதை அடித்துத் திருத்தும் நெஞ்சுரமும் வேண்டும். இவை எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைப்பதில்லை.

ஆதலின் ஆசிரியர் கண்ணதாசனைப் பாடவேளையிலிருந்து நீக்க வேண்டியதில்லை. அவர் பாடலைச் சொல் சொல்லாகப் பிரித்து, அதில் கம்பன் எங்கே நிற்கிறான், சித்தர் எங்கே நிற்கின்றனர் என்று காட்டினால் போதும். கோப்பை எங்கும் காணப்படாது என்பதை மாணவன் தானே கண்டுகொள்வான். இன்று இரப்பர் இருந்த இடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது, லயங்கள் வெறுமையாகிவிட்டன, தோட்டத்துப் பிள்ளைகள் நகரங்களில் படிக்கின்றனர். எழுத விரும்பும் அப்பிள்ளைகள் தம் பாட்டன் குடித்த கள்ளைத் தேட வேண்டாம். விடியுமுன் எழுந்து பாடிய பாட்டியின் குரலைத் தேடட்டும்.