ஐம்பது மில்லிமீட்டர் யாருடைய வயலில்?

உழவர்களுக்கு வானிலை சொல்லும் 'மேகதூத்' என்ற கைப்பேசிச் செயலி 2019ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அடுத்த ஐந்து நாட்களுக்குரிய மழை, வெப்பம், ஈரப்பதம், காற்று ஆகியவற்றை அது தெரிவிக்கிறது. செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வேளாண் அறிவுரையும் தமிழிலேயே கிடைக்கிறது. பாராட்டத்தக்க பணிதான். ஆனால் பூந்தமல்லிக்கு அப்பால் ஓர் ஏக்கரில் சம்பா நெல் பயிரிடும் ஒருவருக்கு இது எந்த அளவுக்குப் பயன்படும்? சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

"நாளை 50 மில்லிமீட்டர் மழை" என்று அறிவிப்பு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அதன்மீது 50 மி.மீ. மழை பெய்தால் சுமார் 2 லட்சம் லிட்டர் நீர் விழும். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகளில் ஏற்றினால் 17 லாரிகள் வேண்டும்! இன்று யூரியா தூவினால் நாளை அதில் பெரும்பகுதி வாய்க்காலோடு போய்விடும். எனவே அவர் உரமிடுவதை நிறுத்திவைக்கிறார். மழை வராமற் போனாலோ, மேலுரம் இடவேண்டிய தருணம் தவறிவிடுகிறது. எப்படிப் பார்த்தாலும் நட்டம் அவருக்கே.

அந்த எண் எந்த இடத்திற்குரியது? இத்தகைய அறிவிப்புகள் பெரும்பாலும் மாவட்டத்திற்கு ஒன்றாகவே இருந்துவந்தன. பழவேற்காட்டுக் கடற்கரை, திருத்தணி மலையடிவாரம், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் ஒரே திருவள்ளூர் மாவட்டம்! 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பெய்தது, சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள நுங்கம்பாக்கத்திலோ 29 செ.மீ. தான்.

கணிப்பொறி நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்திற்கு ஒரு விடை காண்கிறது. முன்பு கட்டத்தின் பக்கம் 12 கி.மீ.; பரப்பு 144 சதுர கி.மீ. 2025 மே மாதம் அறிமுகமான 'பாரத்' முன்கணிப்பு முறையில் பக்கம் 6 கி.மீ.; பரப்பு 36 சதுர கி.மீ. ஊராட்சி அளவிலான அறிவிப்பும் 2024 அக்டோபரில் தொடங்கியது. முன்னேற்றமே. ஆயினும் ஓர் இடிமேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். மேலும், அளவுகோலில் கோடுகளை நெருக்கிப் போடுவதால் மட்டும் அளவு துல்லியமாகிவிடாது. தரையில் எடுக்கும் அளவுகளும் பெருகவேண்டும்.

வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும். ஆகவே, பெய்யும்போது மழை கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு வளர்கிறது. பழைய அனுபவம் மட்டும் போதாது; அறிவிப்பு தேவையே. அதைச் சொல்லும் முறைதான் மாறவேண்டும்.

முதலாவதாக, எண்ணோடு வாய்ப்பையும் சொல்லவேண்டும். "50 மி.மீ." என்பதைவிட, "பெருமழைக்குப் பத்தில் ஆறு பங்கு வாய்ப்பு" என்பதே நேர்மையானது. அப்போது உழவர் உரத்தை இரண்டாகப் பிரித்து இடலாமா என்று தாமே முடிவு செய்வார். இரண்டாவதாக, எண்ணைப் பயிருக்கேற்ற சொல்லாக மாற்றித்தர ஆள் வேண்டும். அதற்கென இருந்த 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் 2024இல் மூடப்பட்டது வருந்தத்தக்கது. மூன்றாவதாக, ஊருக்கு ஒரு மழைமானி வேண்டும்.

மாணவர்களே, இந்த மூன்றாவது உங்களால் முடிந்தது. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான பாத்திரம் ஒன்றைத் திறந்தவெளியில் வையுங்கள். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு, உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதிவிட்டு, நீரைக் கொட்டிவிடுங்கள். பக்கத்திலேயே முதல்நாள் அறிவிப்பையும் எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழை முடியும்போது எத்தனை நாள் பொருந்தியது, எத்தனை நாள் பொய்த்தது என்று எண்ணிப் பாருங்கள். அறிவிப்பை எவ்வளவு நம்பலாம் என்ற உழவரின் கேள்விக்கு, உங்கள் ஊரைப் பொறுத்தவரை, அந்த நோட்டுப் புத்தகம் பதில் சொல்லும்.