மீதி 129

கடப்பாக்கம் பக்கம் போனால் ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்காமல் திரும்பமாட்டீர்கள். பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. 1760-ல் ஆங்கிலேயர்கள் பிடித்து இடித்தார்கள். கப்பலேறி வந்த வெள்ளைக்காரர்கள் என்றாலே நமக்கு இப்படி இடிந்த சுவர்கள்தான் ஞாபகம் வரும். அப்படி வந்த ஒருவர் மூங்கிலில் பைப் ஆர்கன் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இங்கே இல்லை, பிலிப்பைன்ஸில். மணிலாவுக்குப் பக்கத்தில், லாஸ் பினியாஸ் சர்ச்சில்.

ஆசாமி பெயர் டியேகோ செரா. ஸ்பானியப் பாதிரியார். 1816-ல் ஆரம்பித்து 1824-ல் முடித்தார். வெட்டிய மூங்கிலைப் பூச்சி அரிக்காமலிருக்க மாதக்கணக்கில் கடற்கரை மணலில் புதைத்து வைத்தாராம். என்ன பொறுமை! மொத்தம் 1,031 குழாய்கள். அதில் 902 மூங்கில்.

இந்த 902-ஐச் சொல்லித்தான் எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மீதி 129. அவை உலோகம். டிரம்பெட் மாதிரி முழங்க வேண்டிய இடத்தில் மூங்கில் சரிப்படவில்லை, மாற்றிவிட்டார். ‘எல்லாமே மூங்கில்’ என்று அடம்பிடித்திருந்தால் பொருட்காட்சி அதிசயம் ஒன்று கிடைத்திருக்கும், வாத்தியம் கிடைத்திருக்காது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆர்கனில் குழாய்க்கு ஒரு ஸ்வரம்தான். கட்டையை அழுத்தினால் ஒலிக்கும், விட்டால் நிற்கும். நம்ம புல்லாங்குழல் மாலி ஒற்றை மூங்கிலை வைத்துக்கொண்டு, விரலை லேசாகப் புரட்டி, இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் இருப்பதையெல்லாம் கொண்டுவந்தார். செராவின் 902-ம் சேர்ந்தாலும் தோடியில் ஒரு கமகம் பிடிக்க முடியாது. மூங்கில் ஆசியா, சங்கீதம் ஐரோப்பா. உள்ளூர் சரக்கைப் போட்டாலே உள்ளூர்க் கலை என்பவர்கள் யோசிக்கலாம்.

இருந்தாலும் ரெக்கார்டிங் கிடைத்தால் கேளுங்கள். உலோக ஆர்கனின் மிரட்டல் இல்லாமல், மூங்கில் மெதுவாகப் பேசுகிறது. பூகம்பம், புயலில் அடிபட்டதை 1973-ல் கழற்றி, ஜெர்மனியில் பான் நகரத்துக்கு அனுப்பி ரிப்பேர் செய்து, 1975-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருஷமே அதற்கென்று ஒரு சர்வதேச விழா துவங்கிவிட்டது. நம் ஊராக இருந்தால் கண்ணாடிக்குள் வைத்து, ‘தொடாதீர்கள்’ என்று போர்டு மாட்டியிருப்போம். அவர்கள் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.