ஒஃபீலியாவின் வெற்றி தோல்வி மூன்றாம் அங்கத்தில்

ஒஃபீலியாவாக நடித்தவரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் பேச்சு நேரே நான்காம் அங்கத்துக்குப் போய்விடும். பித்துப் பிடித்த பெண், அவிழ்ந்த கூந்தல், வாயில் பாட்டு. 'ஹாம்லெட்' நாடகத்தின் 1603ஆம் ஆண்டுப் பதிப்பே அவளை அப்படித்தான் வரச் சொல்கிறது, கையில் லூட் வாத்தியத்தோடு. கைதட்டல் வாங்கித் தரும் காட்சிதான். ஆனால் அதைத் தாங்கும் நடிப்பு முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அவள் மேடைக்கு வருவது ஐந்தே காட்சிகளில். ஹாம்லெட்டின் காதலை நம்பாதே என்று முதலில் அண்ணன் லேயர்டிஸ் புத்தி சொல்கிறான், அடுத்து அப்பா பொலோனியஸ். இங்கே பலரும் முகத்தைத் தொங்கப்போட்டு நின்றுவிடுகிறார்கள். அண்ணனுக்கு அவள் சுருக்கென்று திருப்பிக் கொடுக்கிறாளே! அந்தத் துடுக்கு அப்பாவின் முன்னால் எப்படி அடங்குகிறது என்பதை உடம்பு காட்டியாக வேண்டும்.

மூன்றாம் அங்கத்தில் அரசனும் அப்பாவும் ஒளிந்து கேட்க, அவளை ஹாம்லெட்டின் எதிரே நிறுத்துகிறார்கள். அப்பா எங்கே என்கிறான் அவன். வீட்டில் என்கிறாள். அப்பட்டமான பொய். பின்னர் இதேபோல் ஒளிந்திருக்கும்போதுதான் அந்த அப்பாவை ஹாம்லெட் குத்திக் கொல்கிறான். பதில் சொல்லும் முன் அவள் எவ்வளவு நேரம் தயங்குகிறாள், கண் எந்தப் பக்கம் போகிறது? ஓர் ஒஃபீலியாவை நான் எடைபோடுவது இங்கேதான்.

கோசின்ட்செவின் 1964ஆம் ஆண்டு ரஷ்யப் படம் இந்த முன்கதையை அருமையாகக் கட்டுகிறது. அனஸ்தாசியா வெர்டின்ஸ்கயா அறிமுகமாவதே நடன வகுப்பில், சாவி கொடுத்த பொம்மைபோல. அப்பா இறந்ததும் துக்க உடைக்குள் இரும்புக் கூடு மாட்டுகிறார்கள். பித்து வந்தபின் பூக்களுக்குப் பதில் அவர் நீட்டுவது காய்ந்த சுள்ளிகள்.

1878இல் லண்டன் லைசியம் அரங்கில் ஹென்றி இர்விங்குடன் நடித்த எலன் டெரி, பித்துக் காட்சிக்குக் கறுப்பு உடை வேண்டுமென்றார். கறுப்பு ஹாம்லெட்டுக்கு மட்டும் என்று மறுத்துவிட்டார்கள். தகப்பனைப் பறிகொடுத்த மகளுக்கு அது எவ்வளவு பொருத்தமான ஆசை!

பித்துக் காட்சியில் அவள் பகிர்ந்து கொடுக்கும் பூக்களில் எந்தப் பூ யாருக்கு என்று ஷேக்ஸ்பியர் குறித்துவைக்கவில்லை. எதிரே அண்ணன், அரசன், அரசி. மனம் வருந்துதலின் அடையாளமான அருவதா அரசனுக்கா அரசிக்கா என்பதை நடிகைதான் முடிவுசெய்ய வேண்டும். பித்துதானே என்று கண்டபடி அள்ளி வீசுபவர், கொலைகாரனான அரசனைச் சபை நடுவே சுட்டிக்காட்டக் கிடைத்த வாய்ப்பை வீணடிக்கிறார்.